சேகரித்தவர்களின் கதை

(பொம்மிடியில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் வரலாற்றுக்கு முந்தைய காலத்தைப் பாடமாக நடத்துகிறோம். "அந்த மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?" என்று கேட்டால், "வேட்டையாடினார்கள்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். பாடம் சொல்வது ‘வேட்டையாடி, உணவு சேகரித்தவர்கள்’ என்று. இதில் முதல் சொல் பிள்ளைகள் மனத்தில் நிற்கிறது, இரண்டாவது நழுவிவிடுகிறது. நழுவிய அந்தச் சொல்லைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

அது நழுவுவதற்குப் பிள்ளைகள் மட்டும் காரணமல்லர். கல்லாயுதம் அழியாது. எலும்பும் பல இடங்களில் தாக்குப்பிடிக்கும். கீரையும் கிழங்கும் பழமும் சில வாரங்களில் மட்கிவிடும். அகழாய்வில் கிடைத்தவற்றை வைத்தே வரலாறு எழுதப்பட்டதால் வேட்டைக்காரர் பெரிதாகவும், கூடை சுமந்தவர் சிறிதாகவும் தெரிந்தார்கள்.

ஆனாலும் தாவரம் முழுவதுமாக மறைந்துவிடுவதில்லை. அடுப்பில் தவறி விழுந்து கருகிய விதையும் கொட்டை ஓடும் கரியாக மாறிவிடுகின்றன. கரியை நுண்ணுயிர்கள் எளிதில் தின்பதில்லை. அகழ்ந்த மண்ணை நீரில் கரைத்தால் மண் அடியில் தங்கும், கரித்துணுக்குகள் மிதக்கும். அவற்றை நுண்சல்லடையில் வடித்து, உலர்த்தி, நுண்ணோக்கியில் பார்த்து இன்ன செடி என்று அடையாளம் காண்கிறார்கள். அரைத்த கல்லின் நுண்துளைகளிலும் பல்லில் படிந்த காரையிலும் மாவுச்சத்துத் துகள்கள் ஒட்டியிருக்கும். புல், வாழை போன்ற தாவரங்களின் செல்களில் படியும் மணல்சத்து, இலை மட்கிய பின்னும் மண்ணில் நிற்கும்.

இதற்கு நமக்கு அருகிலேயே நல்ல சான்று இருக்கிறது. இலங்கையின் ஈரமான மழைக்காட்டுப் பகுதியில் பாஹியன் குகை, பட்டதொம்பலென, கித்துல்கல பெலிலென என்று மனிதர் வாழ்ந்த குகைகள் உள்ளன. சிரான் தெரணியகல போன்ற தொல்லியலாளர்கள் அங்கே அகழாய்வு செய்தார்கள். சின்னஞ்சிறு கற்கருவிகளோடு, சிங்களத்தில் ‘கெகுன’ எனப்படும் எண்ணெய்ச் சத்துள்ள கொட்டையின் கருகிய ஓடுகள் கிடைத்தன. பெலிலெனவில் காட்டு வாழை, பலாவின் உறவான காட்டு ஈரப்பலா ஆகியவற்றின் எச்சங்களும் கிடைத்தன. அவை 12,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை.

இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். அடர்ந்த மழைக்காட்டில் உணவு குறைவு, வேளாண்மை தெரியாதவர்கள் அங்கே நிலைத்து வாழ முடியாது என்று அறிஞர்கள் பலர் கருதியிருந்தார்கள். அந்தக் கருத்தை இந்தக் குகைகள் மாற்றின. இலங்கைக் குகைகளில் கிடைத்த மனிதப் பற்களின் கார்பன் அளவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அந்த மக்கள் காட்டு உணவையே பெரிதும் நம்பி வாழ்ந்ததைக் காட்டியது. அவர்கள் குரங்கையும் அணிலையும் வேட்டையாடியதற்கு எலும்புகள் சாட்சி. கொட்டையும் பழமும் சேகரித்ததற்குக் கரி சாட்சி. இரண்டும் சேர்ந்ததுதான் அவர்கள் வாழ்க்கை.

உலகின் இன்னொரு மூலையிலும் இதே செய்திதான். இஸ்ரேலின் கலிலேயா ஏரியில் 1989இல் நீர்மட்டம் தாழ்ந்தபோது, ஒகாலோ என்ற இடத்தில் சுமார் 23,000 ஆண்டுப் பழமையான குடிசைகள் வெளிப்பட்டன. நீருக்கடியில் காற்றுப் படாமல் இருந்ததால் அங்கே விதைகளும் கனிகளும் ஆயிரக்கணக்கில் தப்பின. அடையாளம் கண்ட தாவர வகைகள் நூற்றுக்கும் மேல். அங்கிருந்த அரைப்புக் கல்லில் காட்டு வாற்கோதுமையின் மாவுத்துகள் ஒட்டியிருந்தது. அப்பகுதியில் வேளாண்மை தோன்றுவதற்குப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மாவு அரைத்திருக்கிறார்கள்.

நம் பொம்மிடி ரயில் பாதையிலேயே போனால் வரும் திருப்பத்தூருக்கு அருகே பையம்பள்ளி இருக்கிறது. அங்கே புதிய கற்கால மக்களின் கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. அவர்கள் பயிரிட்டவர்கள். ஆனால் எந்தக் கொடியின் நெற்று எப்போது முற்றும், எந்த விதையை உண்ணலாம் என்ற அறிவு பயிரிட்ட அன்று திடீரென்று வந்திருக்க முடியாது. தலைமுறை தலைமுறையாகச் சேகரித்தவர்களிடமிருந்து வந்த அறிவு அது.

வகுப்பறைக்கு வருவோம். கேழ்வரகும் கொள்ளும் கொஞ்சம் எடுத்து, மூடிய தகரடப்பாவில் ஆசிரியரே கருக்கிக்கொள்ளுங்கள். அவற்றோடு பச்சைக் கீரை, வாழைப்பழத் தோல், ஒரு சிறு எலும்பு, உடைந்த ஓடு ஆகியவற்றை எண்ணிக் குறித்து, ஒரு தொட்டி மண்ணில் புதைத்து ஈரமாக வைத்திருங்கள். ஒரு மாதம் கழித்து மாணவர்கள் அந்த மண்ணை வாளி நீரில் கரைத்து, தேநீர் வடிகட்டியால் மிதப்பவற்றை எடுக்கட்டும். அடியில் தங்கியதையும் தேடட்டும். பிறகு புதைத்த பட்டியலையும் கிடைத்த பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். "கிடைக்காததெல்லாம் இல்லாததா?" என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும். அறிவியலும் வரலாறும் ஒரே பாடவேளையில் முடியும்.

கடைசியாக ஒன்று. சேர்வராயன், சித்தேரி மலைகளிலிருந்தும் அடிவார ஊர்களிலிருந்தும் நம் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். எந்தக் கிழங்கை எந்தப் பருவத்தில் தோண்டலாம், எதை வேகவைத்துக் கசப்பு நீரை வடிக்க வேண்டும் என்று அறிந்த பெரியவர்கள் அவர்களில் பலருடைய வீடுகளில் இருக்கிறார்கள். ‘காட்டில் கிடைத்ததைத் தின்று அலைந்தவர்கள்’ என்று நாம் பாடம் நடத்தும்போது, அந்தப் பிள்ளை தன் பாட்டியை நினைத்துத் தலைகுனியக்கூடும். அதற்காக அவர்களைக் கற்கால மனிதரின் மிச்சம் போலக் காட்டுவதும் தவறு. அவர்கள் இன்றைய மனிதர்கள், நம் காலத்தவர்கள். அவர்களிடம் இருப்பது அறிவு என்று சொல்லுங்கள். அந்தப் பெயர்களையும் பக்குவங்களையும் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். கிழங்குக்குக் கரி மிஞ்சுவது அரிது. எழுதிவைத்தால் அந்தக் குறிப்பேடாவது மிஞ்சும்.