நடக்க முடியும்போதே இடம் மாறுவோம்!

ரிட்டையர் ஆனதும் நான் சின்ன வீட்டுக்குப் போயிட்டேன். (சிரிப்பு) சிரிக்காதீங்க ஐயா, என் சம்சாரமும் கூடத்தான் வந்தா! (கைதட்டல்)

1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்ததே, ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, அங்கே வேலை பார்த்தவன் நான். முப்பது வருஷம் குவார்ட்டர்ஸ் வாசம். வீடு சர்க்காருடையது, தோட்டம் அவளுடையது. முருங்கை, வாழை, கறிவேப்பிலை, மல்லிகை.

பணி முடிந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யணும். பட்டாபிராமில் அரை கிரவுண்டு, அதாவது 1200 சதுர அடி வாங்கினோம். வீடு கட்டியது போக, கொல்லையில் ஒரு பாய் விரிக்கிற அளவு மண்தான் மிச்சம்.

டாங்கியை நகர்த்தியவனுக்கு ஒரு தோட்டத்தை நகர்த்தத் தெரியவில்லை ஐயா. அவளுக்குத் தெரிந்தது. முருங்கையில் ஆளுயரக் கிளை ஒன்றை வெட்டினாள். "விதை எதுக்குங்க? போத்து நட்டாலே துளிர்க்கும்" என்று லாரியில் ஏற்றினாள். மல்லிகைக்கு முன்கூட்டியே பதியன் போட்டு வைத்திருந்தாள். மரத்தைத் தடவிவிட்டுத் திரும்பியபோதுதான் கண் கலங்கியது.

எதிரணியினர் நஷ்டக் கணக்கு சொன்னார்கள். என் முழங்காலைக் கேளுங்கள்! இன்று ரெண்டு வாளி தண்ணீர்தான் தூக்க முடியும். அந்த மண்ணுக்கும் ரெண்டு வாளி போதும். (கைதட்டல்) நாற்றைக்கூட முற்றுவதற்கு முன்தானே பிடுங்கி நடுகிறோம்? தள்ளாத வயதில் பிள்ளைகள் நம்மைத் தூக்கி வைப்பதற்குள், நடக்க முடியும்போதே நாமே இடம் மாறுவோம்.

அந்தப் போத்து இன்று மரம். காய் பறிக்கத் தெருவே வருகிறது. சின்ன வீடு சுகமே என்று கூறி அமர்கிறேன்.