எந்தூருப் புள்ள இது?

நடுவர் அவர்களே, பேசிக் களைத்து இப்போதுதான் தண்ணீர் பாட்டிலைத் திறந்திருக்கும் எதிரணி அண்ணன் அவர்களே, கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்திருக்கும் தருமபுரிப் பெருமக்களே, வணக்கம்.

வேலையில் சேர்ந்து நல்ல நிலைக்கு வந்த பிள்ளைகளின் படத்தை இன்ஜினீயரிங் கல்லூரிகள் பேனரில் போடுகின்றனவே, அது வழிகாட்டலா, வியாபாரமா? இதுதான் தலைப்பு. வியாபாரமே என்று அண்ணன் அடித்துச் சொல்லிவிட்டார். மே மாதம் வந்தால் மாம்பழமும் பேனரும் ஒன்றாக வருகின்றன, இரண்டிலும் கல் வைத்துப் பழுக்க வைத்தது உண்டு என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். ஆனால் அண்ணே, கல் வைத்த பழத்தைக் குப்பையில் கொட்டலாம். அதற்காகப் பாலக்கோட்டு மாந்தோப்பையே வெட்டச் சொல்வீர்களா?

என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். எங்கள் அப்பாவுக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. 2003-இல் நுழைவுத்தேர்வு எழுதி, கவுன்சலிங்குக்காக இரண்டு பேரும் அண்ணா பல்கலைக்கழகம் போனோம். பெரிய திரையில் கல்லூரிப் பெயர்கள், பக்கத்தில் மிச்சமிருக்கும் இடங்கள். நாங்கள் பார்க்கப் பார்க்க எண்கள் குறைகின்றன. ஈ.சி.ஈ. என்றால் என்ன, ட்ரிபிள் ஈ என்றால் என்ன, எனக்குத் தெரியாது. அப்பா பக்கம் திரும்பினேன். அவர் வாழ்நாளில் பார்த்த ஒரே இன்ஜினீயர் சைட்டுக்கு வருகிறவர்தான். "சிவில் எடு கண்ணு. எங்க மேஸ்திரி அவரு ஒருத்தருக்குத்தான் பயப்படுவாரு" என்றார். எடுத்தேன். நான்கு வருடப் படிப்பு, அதன்மேல் ஒரு வாழ்க்கை, ஒரு மேஸ்திரியின் பயத்தை வைத்து முடிவானது!

சிவில் எனக்குப் பிடித்துப்போனது, அது என் நல்ல காலம். எனக்கு முன்னால் நின்ற பெண் பெயர் நன்றாக இருக்கிறதே என்று ஒரு கல்லூரியை எடுத்தாள். அவளுக்கும் கேட்க ஆளில்லை.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம்முடையது. மாநிலத்தில் நூற்றுக்கு 80 பேர், நமக்கு 68 சொச்சம். சென்னையில் பிள்ளை பிளஸ் டூ முடித்தால் மாடி வீட்டு மாமா ஒரு யோசனை சொல்வார், அப்பாவின் ஆபீஸ் நண்பர் நாலு யோசனை சொல்வார். பென்னாகரத்தில் யார் சொல்வார்? நம் வீட்டில் இல்லாத அந்த மாமாதான் நடுவர் அவர்களே, பேனரில் இருக்கும் பிள்ளை.

நமக்குக் கல்லூரி வந்த கதையும் அப்படித்தான். மாவட்டம் பிறந்தது 1965-இல். அரசு இன்ஜினீயரிங் கல்லூரி 1994-இல் பர்கூருக்கு வந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதும், பாகம் பிரித்த தம்பி கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு போன மாதிரி கல்லூரியும் அந்தப் பக்கம் போய்விட்டது. செட்டிக்கரையில் நமக்கென்று ஒன்று வர 2013 ஆனது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏழரை சதவீத இடம் 2021-இல் வந்தது. கதவு திறந்தே பத்துப் பன்னிரண்டு வருடம்தான் ஆகிறது. உள்ளே போனவர்கள் யார் யார் என்று வெளியே நிற்கிறவர்களுக்குக் காட்டாதே என்கிறார்கள் எதிரணியினர்.

அவர்கள் சொன்னதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. ஒரே பையனுக்கு மூன்று கம்பெனியில் ஆஃபர் வந்தால் அதை மூன்று பேர் என்று எண்ணும் கணக்கை நானும் பார்த்திருக்கிறேன். பேக்கேஜை ஆறடியில் எழுதிவிட்டு ஊர்ப்பெயரைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். 2019-இல் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து உயிர்விட்ட பெண்ணும் ஓர் இளம் பொறியாளர்தான். ரோட்டின் குறுக்கே எவன் வைத்தாலும் முதலில் கழற்றுகிறவள் நானாக இருப்பேன். சுவரில் மாட்டுங்கள் ஐயா, பள்ளிக்கூடச் சுவரில் மாட்டுங்கள்.

சம்பளம் மட்டும்தான் சாதனையா என்று அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. நான் வளர்ந்த ஊரில் பெண் பார்க்க வந்தால் சிரிக்கச் சொல்லித்தான் பார்ப்பார்கள். போர் தண்ணீரில் ஃபுளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியலாம். சாம்பல் வைத்துத் தேய்த்தாலும் போகாது, செங்கல் தூள் வைத்துத் தேய்த்தாலும் போகாது. தேய்த்துப் பார்த்தவள் சொல்கிறேன். போட்டோ எடுக்கும்போது நாங்கள் வாயை மூடிக்கொண்டே நிற்போம். 1,928 கோடி ரூபாயில், ஜப்பான் கடனுதவியோடு, 2013 மே மாதம் ஒகேனக்கல் குடிநீர் வந்தது. காவிரியை மேட்டுக்கு ஏற்றி, மலையையும் பாறையையும் தாண்டிக் குழாய் போட்டு, இரண்டு மாவட்டத்துக்குக் கொடுத்தவர்கள் யார்? ஏதோ ஒரு கல்லூரியில் அரியர் வைத்து, பாஸ் பண்ணி, குடிநீர் வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர்கள் படம் எந்தப் பேனரிலும் இல்லை. அதற்கு மருந்து, இருக்கிற பேனரைக் கழற்றுவதா, இன்னொரு வரிசை படம் சேர்ப்பதா?

செங்கோட்டையில் பிறந்து திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்த நிகர் ஷாஜி, சூரியனை ஆராயப் போன ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர். கோவை ஜி.சி.டி.யில் படித்த மயில்சாமி அண்ணாதுரை சந்திரயான்-1 இயக்குநர். 2023 அக்டோபர் 2-ஆம் தேதி இஸ்ரோவின் தமிழ் விஞ்ஞானிகள் ஒன்பது பேரை மேடையேற்றி ஆளுக்கு 25 லட்சம் அறிவித்தது நம் அரசு. நாடே பார்த்த பேனர் அது. அதையும் வியாபாரம் என்பாரா அண்ணன்? சொன்னால், இறங்கும்போது படியைப் பார்த்து இறங்கச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே.

போன மே மாதம் அரூர் பஸ் ஸ்டாண்டு அருகே பார்த்தேன். ஓர் அம்மா, இடுப்பில் கூடை. பக்கத்தில் பிளஸ் டூ முடித்த மகள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பேனரில் இருந்த ஒரு முகத்தைத் தொட்டு, "எந்தூருப் புள்ள இது?" என்றார். "நம்ம சித்தேரி மலைதாம்மா, கீழ போட்டிருக்குது" என்றாள் மகள். அந்த அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டார். "அது என்ன படிச்சதுன்னு பாரு."

சம்பளத்தை அழித்துவிட்டுப் பிள்ளை படித்த பள்ளியின் பெயரை அங்கே எழுதச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். பேனர் வழிகாட்டலே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.