வீட்டுப் பேச்சு குற்றமா? மார்த்தா பெர்னாலின் கதை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "எங்களுக்கு என்னங்க தெரியும், டீச்சரைக் கேளுங்க" என்று நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கிறோம். அதனால்தான் இன்று மார்த்தா பெர்னால் என்ற பெண்மணியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

1931-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர் அவர். பெற்றோர் பக்கத்து நாடான மெக்சிக்கோவிலிருந்து குடிவந்தவர்கள். வீட்டில் பேசியது ஸ்பானிய மொழி. பள்ளிக்கூடத்தில் அந்த மொழியைப் பேசினால் தண்டனை. யோசிச்சுப் பாருங்க, அம்மா பேசுற பேச்சே தப்புன்னு சின்னக் குழந்தைகிட்ட சொன்னா, அது மனசுல என்ன பதியும்? நம்ம வீடே மட்டம்னுதானே?

அடுத்த தடை வீட்டுக்குள்ளேயே வந்தது. பெண்பிள்ளைக்கு மேல்படிப்பு எதற்கு, கல்யாணம் செய்துகொள்ளட்டும் என்பது அப்பாவின் எண்ணம். அம்மாவும் சகோதரியும் மார்த்தாவின் பக்கம் நின்றார்கள். பிறகு அப்பாவும் மனம் மாறித் துணை நின்றார். 1962-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் இந்தப் பட்டம் பெற்ற மெக்சிக்க வம்சாவளிப் பெண்களில் இவரே முதல்வர்.

பட்டம் வாங்கியாச்சு, வேலை? "பெண்களை எடுப்பதில்லை" என்று பதில் வந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. மேலும் பயிற்சி பெற்று, 1964-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

அடம்பிடிக்கிற, அடிக்கிற, சொல்பேச்சு கேட்காத பிள்ளைகளைப் பற்றித்தான் அவர் ஆராய்ந்தார். குழந்தையை மட்டும் திருத்தப் பார்க்காமல், பெற்றோருக்கே பயிற்சி கொடுத்தார். தாயும் பிள்ளையும் பழகுவதை வீடியோவில் எடுத்து, தாய்க்கே போட்டுக் காட்டினார். நல்லது செய்தால் உடனே பாராட்டுவது, வீண் அடத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது, நிறையப் பேசாமல் சொன்ன சொல்லில் உறுதியாக நிற்பது போன்றவற்றைத் தாய்மார் பழகினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1980-ல் வெளியான அவருடைய ஆய்வில், பயிற்சி பெற்ற பெற்றோர் "பிள்ளை மாறிட்டான்" என்றார்கள். ஆனால் வீட்டுக்கே போய்க் கவனித்தவர்கள் பார்வையில், அவருடைய முறை மற்ற ஆலோசனை முறையைவிட மேலாகத் தெரியவில்லை. அதை அவர் மறைக்காமல் வெளியிட்டார். குழுவில் கணக்கு எழுதுகிற நமக்கு இதன் அருமை தெரியும். உள்ளதை உள்ளபடி எழுதினால்தானே அது கணக்கு!

1986-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே, மெக்சிக்க வம்சாவளிக் குழந்தைகள் தங்களை யார் என்று எப்படி உணர்கிறார்கள் என்று சக ஆய்வாளர்களோடு ஆராய்ந்தார். பள்ளி செல்லும் முன் உள்ள சிறு குழந்தைகளுக்கு இது அவ்வளவாகப் புரிவதில்லை, வயது ஏற ஏறத்தான் தெளிவாகிறது என்று கண்டார்கள். தன் பண்பாட்டோடு ஒட்டியிருக்கும் தாய், அதைப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கிறாள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை தன் இனத்தைப் பற்றி நன்றாக அறிந்திருக்கிறது.

பார்த்தீங்களா? எந்த வீட்டுப் பேச்சுக்காகச் சிறுமியாக இருந்தபோது தண்டனை கிடைத்ததோ, அதே வீடுதான் பிள்ளையின் முதல் பள்ளிக்கூடம் என்று ஆய்வு செய்தே காட்டினார். சிறுபான்மை இன மாணவர்கள் உளவியல் படிப்புக்குள் வரவும் பாடுபட்டார். 2001-ல் காலமானார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளைப் பேசிப் பாருங்கள். இந்த வாரம் நம் பிள்ளையை எத்தனை முறை திட்டினோம், எத்தனை முறை பாராட்டினோம்? நம் பாட்டி சொன்ன கதைகளில் எதைப் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறோம்?

பதில் சொல்ல டீச்சர் வேண்டாம், நாமே போதும்.