இரண்டு பைட்டுகளின் முன்பின்

நம் ஊரில் முகவரி எழுதினால் முதலில் கதவு எண், பிறகு தெரு, அப்புறம் ஊர், மாவட்டம். ஜப்பானியர் தங்கள் மொழியில் எழுதும்போது மாகாணத்தில் தொடங்கி வீட்டு எண்ணில் முடிக்கிறார்கள். இரண்டும் சரிதான், எந்த முறை என்று தபால்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

கணினிக்குள்ளும் இதே கதைதான். ஒரு பைட்டில் அடங்காத எண்ணின் சிறிய பகுதியை முதலில் வைத்தால் லிட்டில் எண்டியன். பெரிய பகுதியை முதலில் வைத்தால் பிக் எண்டியன். முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று கலிவரின் பயணங்கள் நூலில் ஒரு பெரிய சண்டை நடக்கும். அந்தச் சண்டையிலிருந்து இந்தப் பெயர்களை எடுத்துக் கணினித் துறைக்குக் கொடுத்தவர் டேனி கோஹன். ஆண்டு 1980.

இந்த இரு வழக்கங்களும் ஒரே கூரையின் கீழ் குடியிருக்கும் இடம் வைஃபை. இணைய நெறிமுறைகள் பிக் எண்டியனாக எழுதப்பட்டவை. வைஃபைக்கான 802.11 தரநிலையோ லிட்டில் எண்டியன். ரௌட்டர் இல்லாமல் இரண்டு கணினிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும், குறியாக்கம் செய்யாத ஒரு தகவல் ஃபிரேமைப் பாருங்கள். அதன் முதல் இரண்டு பைட்டுகள்: பூஜ்யம் எட்டு, பூஜ்யம் பூஜ்யம். அதன் பொருள் 8 என்ற எண். 'இது தகவல் ஃபிரேம்' என்ற அறிவிப்பு. அங்கிருந்து நகர்ந்து 31, 32-ஆம் பைட்டுகளுக்கு வந்தால் மறுபடியும் அதே பூஜ்யம் எட்டு, பூஜ்யம் பூஜ்யம். இங்கே அதன் பொருள் 2048. 'உள்ளே இருப்பது ஐபி பொட்டலம்' என்ற அறிவிப்பு. ஒரே ஃபிரேம், ஒரே இரண்டு பைட்டுகள், இரண்டு எண்கள்!

வரிசை பிசகினால் என்ன ஆகும்? ரௌட்டர் தன் இருப்பை அறிவிக்கும் பீக்கன் ஃபிரேமில், அடுத்த பீக்கன் எப்போது வரும் என்ற கணக்கும் இருக்கிறது. வழக்கமான மதிப்பு 100. சுமார் பத்தில் ஒரு நொடி. அந்த இரு பைட்டுகளைத் திருப்பிப் படித்தால் 100 என்பது 25,600 ஆகிவிடும். பத்தில் ஒரு நொடி, 26 நொடியாகிவிடும்.

இந்தப் பிழை நிரலை எழுதியவர் கண்ணில் படாது என்பதுதான் பெரிய தொல்லை. அவர் மேசையில் இருக்கும் இன்டெல் கணினி லிட்டில் எண்டியன். வரிசையை மாற்ற மறந்தாலும் அங்கே எல்லாம் சரியாகவே ஓடும். பிக் எண்டியனாக ஓடிய பழைய பவர்பிசி மேக்கிலோ, ஏதெராஸ் சிப்புடன் வந்த மிப்ஸ் செயலி ரௌட்டரிலோதான் அது வெளிப்படும். இரண்டு முறை மாற்றுவதும் அதே வகைப் பிழை. சாதனத்துக்கு எண்ணை எழுதும் ரைட்எல் என்ற லினக்ஸ் கெர்னல் கட்டளை தேவையான மாற்றத்தைத் தானே செய்துவிடும். அது தெரியாமல் முன்கூட்டியே ஒருமுறை மாற்றிக் கொடுத்தால், இன்டெலில் ஒன்றும் ஆகாது; மிப்ஸில் எண் தலைகீழாகப் போய்ச் சேரும்.

லினக்ஸ் கெர்னல்காரர்கள் இதை ஞாபகசக்தியிடம் விட்டுவிடவில்லை. எண்ணின் வகைப் பெயரிலேயே வரிசையைச் சொல்லிவிட்டார்கள். எல்ஈ16 என்றால் லிட்டில் எண்டியன், பிஈ16 என்றால் பிக் எண்டியன், யு16 என்றால் அந்தக் கணினியின் சொந்த வரிசை. கம்பைலருக்கு மூன்றும் ஒன்றுதான். ஆனால் லினஸ் டோர்வால்ட்ஸ் 2003-இல் தொடங்கிய ஸ்பார்ஸ் என்ற சோதனைக் கருவிக்கு அவை மூன்று வேறு சாதி. ஒன்றை இன்னொன்றோடு கலந்தால் கோப்பையும் வரி எண்ணையும் சொல்லி எச்சரிக்கும். மிப்ஸ் ரௌட்டர் கையில் இல்லாதவரும் தன் பிழையை உட்கார்ந்த இடத்திலேயே பிடித்துவிடலாம். முன்பெல்லாம் இந்த வரிசைச் சோதனையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வைஃபை பகுதியினர் தங்கள் மேக்ஃபைலிலேயே அதை எழுதி வைத்திருந்தார்கள். 2017-இல் வந்த 4.10 கெர்னலிலிருந்து ஸ்பார்ஸ் ஓடினாலே எல்லோருக்கும் அது உண்டு.

இந்த வேலியிலும் ஓட்டைகள் உண்டு. ஃபோர்ஸ் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் கருவி வாயை மூடிக்கொள்ளும். எச்சரிக்கை வந்ததும் வகையைத் திருத்தாமல் இந்தச் சொல்லைச் சேர்ப்பவர், பிழையை அப்படியே புதைத்துவிடுகிறார். வெறும் பைட் வரிசையாக வந்த தகவலை யு16 என்று வலிந்து படித்தாலும் கருவிக்குத் தெரியாது. அதற்கென்றே உள்ள கெட் அன்அலைன்ட் எல்ஈ16 செயற்கூறைக் கூப்பிடுவதுதான் முறை.

இந்தக் கலையின் அழகைப் பார்க்க, ஒரு ஃபிரேம் பீக்கன்தானா என்று கேட்கும் சிறிய செயற்கூறு ஒன்று போதும். ஃபிரேமில் வந்த எண்ணின் பைட் வரிசையை அது தொடுவதே இல்லை. ஒப்பிட வேண்டிய மாறிலியைத்தான் லிட்டில் எண்டியனாக மாற்றுகிறது. மாறிலி முன்பே தெரிந்த எண் என்பதால் அந்த வேலை கம்பைல் செய்யும்போதே முடிந்துவிடுகிறது. ஃபிரேம் வந்து இறங்கும் நேரத்தில் செலவு ஏதும் இல்லை. கெர்னலின் 802.11 தலைப்புக் கோப்பில் இப்படிப்பட்ட செயற்கூறுகள் டஜன் கணக்கில் வரிசையாக நிற்கின்றன. மிப்ஸ் ரௌட்டரிலும் இன்டெல் மடிக்கணினியிலும் ஓடுவது ஓர் எழுத்துகூட மாறாத அதே வரிகள்.