ஆறும் தண்டவாளமும் ஒரே இலாகாவில் இருந்த காலம்

(அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



செந்துறையில் ரயில் ஏறுகிற நமக்கு ரயில்வே ஒரு தனி அரசாங்கம். ஏரி, மதகு என்றால் வேறு ஆபீஸ். ஆனால் அரை நூற்றாண்டுக் காலம் இரண்டுக்கும் எஜமான் ஒன்றுதான். 1854-இல் டல்ஹௌசி பிரபு, கட்டுமான வேலைகளை இராணுவ வாரியத்திடமிருந்து பிடுங்கிப் பொதுப்பணி இலாகாவிடம் கொடுத்தார். பாசனம், சாலை, கட்டடம் எல்லாம் அதில் அடக்கம்; ரயிலும் அங்கேதான் வந்து சேர்ந்தது. பாதை போட்டவை லண்டன் கம்பெனிகள். போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டிக்கு அரசு உத்தரவாதம். வட்டி நிச்சயம் என்றான பிறகு யார் சிக்கனம் பார்ப்பார்கள்? கணக்கைத் தட்டிக் கேட்க அரசு தன் பொறியாளர்களை நியமித்தது.

இலாகா பிறக்கும் முன்பே அந்தப் பொறியாளர் பரம்பரையின் கை நம் பக்கம் நீண்டிருக்கிறது. 1836-இல் ஆர்தர் காட்டன் காலத்தில் அணைக்கரையில் கீழணை எழுந்தபோது, கங்கைகொண்ட சோழபுரத்து மதிற்கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கு காற்றோடு போயிற்று. வீராணத்துக்குத் தண்ணீர் அனுப்புகிற அணையைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் இராசேந்திரன் வைத்த கல் அது.

ரயிலுக்கு வருவோம். தாமஸ் ராபர்ட்சன் என்ற ரயில் நிபுணரை அழைத்து விசாரிக்கச் செய்து, 1905-இல் கர்சன் ஆட்சி ரயில்வே வாரியத்தை அமைத்தது. பொதுப்பணி இலாகாவின் ரயில் கிளை கலைந்தது. 1924-இல் வரவு செலவும் பிரிந்தது. வியாபாரமாக நடக்க வேண்டியதை வியாபாரமாக நடத்தியது சரிதான்.

நமக்குப் பாதை வந்தது அதற்குப் பிறகு. பழைய பாதை மாயவரம், தஞ்சாவூர் என்று டெல்டாவைச் சுற்றிப் போனது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்கு நேரே போகும் கார்டு லைன் 1929-இல் திறந்தது. இந்தப் பாதை நம் வறண்ட மேட்டில் ஓடுகிறது. பச்சைமலையிலிருந்து கொள்ளிடம் நோக்கி இறங்கும் ஓடைகளை அது குறுக்கே கடந்தாக வேண்டும். அவற்றில் ஒன்று மருதையாறு. வருஷத்தில் பல மாதம் மணல்தான்.

1956 நவம்பர் 23 விடியலில் அது மணலாக இல்லை. வெள்ளத்தில் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. மாண்டவர்கள் 140-க்கும் மேல். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்தக் கதையை மேடைதோறும் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் அங்கேயே நிறுத்திவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. மந்திரி விலகினால் பாலத்துக்குக் கண் கூடுமா? இந்த ஓடையில் எவ்வளவு தண்ணீர் வரும், அதை யார் அளந்தார் என்பதல்லவா கேள்வி!

அடுத்த சில ஆண்டுகளில் அதைக் கேட்டது, ரயில் பாலங்களை ஆராய்ந்த பொறியாளர் குழு. அதன் தலைவர் ஏ. என். கோஸ்லா ரயில்வேக்காரர் அல்ல. பக்ரா அணையோடு பேர் சேர்ந்த நீர்ப் பொறியாளர். குறைந்தது 50 ஆண்டுப் பதிவில் கண்ட பெருவெள்ளத்தைக் கணக்கிட்டுப் பாலம் அமைக்க வேண்டும், மழையையும் ஆற்றோட்டத்தையும் விடாமல் அளக்க வேண்டும் என்றது அக்குழு. அதன்பின் மத்திய நீர் ஆணையம், வானிலைத் துறை, ரயில்வே, சாலைத்துறை நான்கும் ஒரே மேசையில் அமர்ந்து, நாட்டை மண்டலம் மண்டலமாகப் பிரித்து வெள்ளக் கணிப்பு அறிக்கைகளை எழுதின. காவிரிப் படுகைக்கும் அதில் தனியாக ஓர் அறிக்கை உண்டு.