முதலில் உயிர், பிறகு வழக்கு

தில்லி கிட்வாய் நகரில் வாழும் நமக்கு, 1956-இல் நிறுவப்பெற்ற அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் சப்தர்ஜங் மருத்துவமனையும் அண்டை வீடுகளைப் போன்றவை. ஆயினும், குண்டடி பட்டு ஒருவர் வீழ்ந்து கிடந்தால் நம்மவர் அருகே செல்லத் தயங்குகின்றனர். வேற்று மொழி, போலீஸ் விசாரணை, சாட்சிக் கூண்டு என்னும் அச்சங்களே இதற்குக் காரணம்.

1967 ஜனவரி 12 அன்று சென்னை இராமாவரத்தில் நிகழ்ந்ததை நாம் அறிவோம். எம்.ஜி.ஆர்., எம்.ஆர். ராதா ஆகிய இருவரும் குண்டுக் காயத்துடன் இராயப்பேட்டை மருத்துவமனைக்கும், பின்னர் பொது மருத்துவமனைக்கும் கொண்டு செல்லப்பட்டனர், இருவரும் பிழைத்தனர். ராதாவே குற்றவாளி என நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. மருத்துவர்க்கோ அன்று இருவரும் நோயாளிகளே.

மருத்துவர் முதலில் தேடுவது குண்டையன்று. மூச்சு தடையின்றிச் செல்கிறதா, குருதி எங்கே ஒழுகுகிறது என்பனவற்றையே அவர் காண்கிறார். குண்டு நுழைந்த வாய் சிறிதாயிருப்பினும் உள்ளே சேதம் பெரிதாகலாம். ஆகவே உடலைப் புரட்டி முதுகையும் சோதிப்பர். குண்டை எடுப்பதைவிட விட்டுவைப்பதே நலம் என்று முடிவு செய்வதும் உண்டு. உடையைக் கத்தரிக்கும்போது குண்டுத் துளையை வெட்டாது விலகிச் செல்வர். அது வழக்குக்குச் சான்றாகும்.

போலீசுக்குத் தகவல் தருவது மருத்துவமனையின் கடமை. ஆனால் அந்த நடைமுறைக்காகச் சிகிச்சை காத்திருத்தலாகாது. விபத்தில் அடிபட்ட ஒருவர், வழக்குக்குரிய காயங்களைக் கவனிக்கும் அனுமதி தமக்கில்லை என ஒரு மருத்துவமனை திருப்பியனுப்பியதால், வழியிலேயே இறந்தார். அச்செய்தியை ஒட்டி எழுந்த பரமானந்த் கட்டாரா வழக்கில், உயிர் காப்பதே முதற்கடமை, அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்ப்பளித்தது. எங்கேனும் தயக்கம் காட்டினால் இத்தீர்ப்பை நாம் தாராளமாக நினைவூட்டலாம்.

நாம் செய்யத்தக்கது யாது? சுடுபவர் அகன்று, இடம் ஆபத்தற்றது எனத் தெரிந்தபின் நெருங்குக. 112-ஐ அழைக்க. தூய துணியால் காயத்தை அழுத்திப் பிடிக்க. அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டா. மஞ்சள்தூள், காப்பித்தூள் எதுவும் இடலாகாது. குடிக்க நீரும் தரலாகாது. வட்டச் சாலையில் உள்ள ஜெயப்பிரகாஷ் நாராயண் விபத்துச் சிகிச்சை மையம் நமக்கு அருகிலேயே உள்ளது.

பின்னர்ச் சாட்சி சொல்ல அழைப்பு வரலாம். கண்டதைக் கண்டவாறு உரைக்க ஒரு நாள் செலவாகும். ஓர் உயிருக்கு அது பெரிய விலையன்று.