எங்கே பார்த்தார்கள்?

தீராத மாதவிடாய் வலிக்காக ஒரு பெண்ணுக்கு லேப்ராஸ்கோபி செய்கிறார்கள். தொப்புள் வழியாகக் கேமரா உள்ளே போகிறது. "ஒன்றுமில்லை" என்று அறிக்கை வருகிறது. சரி, எங்கெல்லாம் பார்த்தார்கள்? பல அறிக்கைகளில் அது இருக்காது.

இப்படிப்பட்ட வலிக்குக் காரணமாகக்கூடிய எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது, கருப்புப் புள்ளியாகத்தான் இருக்கும் என்றில்லை. சிவப்பாக, வெள்ளையாக, நிறமே இல்லாத கொப்புளமாகக்கூட இருக்கும். சினைப்பையைத் தூக்கிப் பார்த்தால்தான் அதன் அடிப்பக்கம் தெரியும். கருப்பைக்குப் பின்னால், மலக்குடலை ஒட்டிய பள்ளத்தில் நீர் தேங்கியிருந்தால், அதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

அதனால்தான் சிறுநீர்ப்பை மடிப்பு, கருப்பை, குழாய்கள், சினைப்பைகள், பின்பள்ளம், குடல்வால் என்று ஒரே வரிசையில் பார்த்துப் படமெடுக்கச் சொல்கிறார்கள். அனுபவசாலிகள் சிலருக்கு இது பிடிக்காது. ஆனால் கைப்பழக்கத்தில் ஒரு மூலையைத் தாண்டிப் போகிறவர்களும் அவர்கள்தானே! நோயில்லாத இடத்தையும் படத்தோடு பதிந்து வைத்தால், பின்னாளில் வலி திரும்பும்போது அடுத்த மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.